ஐந்தாம் நரம்பின் முதல் கிளை

குமுதவல்லியின் முகத்தில் தண்ணீர் பட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன. வலது பக்கத்தை ஈரத் துணியால் ஒற்றிக்கொள்வாள். இடது பக்கத்தைத் தொட மாட்டாள். மஞ்சள் இல்லை, பவுடர் இல்லை. ஈ வந்து உட்கார்ந்தால்கூட விரட்டக் கை போகாது. உடம்பு விறைத்துப்போய் நிற்பாள். தொட்டால் மின்னல் வெட்டும். மின்னல் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. வானத்து மின்னல் வெட்டிவிட்டுப் போய்விடும். இது தாடையில் புகுந்து, பல்லின் வேர்களை வரிசையாகச் சுட்டுக்கொண்டே மூக்கோரம் ஏறி, போன வழியே திரும்பி வந்து, மறுபடியும் போகும். முடிந்ததும் வலியே இருக்காது. அதுதான் பயங்கரம். வலி இல்லாத நேரம் முழுவதும், எது அதை எழுப்பப் போகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாய் மோர்சாதம் எழுப்பலாம். தெருவில் போகிற ஜட்கா வண்டி கிளப்பும் காற்று எழுப்பலாம். பெருமாள் பெயரைச் சொல்ல உதடு அசைந்தால் அதுவும் எழுப்பலாம். மயிலாப்பூரே கடற்காற்றுக்கு ஏங்கிய அந்த வைகாசியில், கச்சேரி ரோட்டில் அவர்கள் வீட்டு ஜன்னல்கள் மட்டும் சாத்தியே கிடந்தன.

அவளுடைய கணவர் ராவ் பகதூர் ஸ்ரீரங்கன், ஓய்வு பெற்ற டெபுடி கலெக்டர். பட்டம் கொடுத்த துரைமார் கப்பலேறிப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பட்டம் மட்டும் வாசலில் பித்தளைப் பலகையாகத் தங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்தார்கள். நாடு போனாலும் பலகை பளபளத்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளி ஆண்பிள்ளை யாராவது குமுதவல்லியிடம் ஒன்று கேட்டால், அவள் கணவரைப் பார்ப்பாள். மெல்லிய குரலில் அவரிடம் சொல்வாள், அல்லது சொல்லாமலே இருப்பாள். பதில் அவரிடமிருந்து வரும். வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவது அவள். வெளுத்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று அறிவிப்பது அவர். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வந்த ஜுரங்களையெல்லாம் அவர்தான் அனுபவித்ததாக வைத்தியர்கள் நினைத்திருக்கக்கூடும். பல் வைத்தியரிடம் "மேல் வரிசை, பின்னாலிருந்து இரண்டாவது" என்று சொல்லி ஒரு பல்லைப் பிடுங்க வைத்தவரும் அவர்தான். வலி போகவில்லை. "அப்படியானால் பக்கத்துப் பல்" என்றார். அதுவும் போயிற்று. இரண்டும் நல்ல பற்கள்.

கடைசியில் டாக்டர் மெஹபூப் அலியிடம் போனார்கள். திருவல்லிக்கேணிக்காரர். எடின்பரோவில் படித்துவிட்டு வந்து எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் ஒரு நர்சிங் ஹோம் நடத்தினார். அதிகம் பேசாதவர், பீஸ் வாங்குகிறவர்களில் அது அபூர்வம்.

"இது பல் இல்லே சார்" என்றார் டாக்டர். "மண்டையிலேருந்து நேரா வெளியே வர்ற நரம்புங்க பன்னிரண்டு ஜோடி. அதுல அஞ்சாவது, முகத்துக்கு உணர்ச்சி தர்றது. அது கெட்டுப்போயிருக்கு. அம்மா, வலி எங்கே ஆரம்பிக்குது?"

குமுதவல்லி கணவரைப் பார்த்தாள்.

"தாடையில ஆரம்பிக்கறது டாக்டர். மேலே போறது. பத்து மாசமா சரியாச் சாப்பிடலை" என்றார் ராவ் பகதூர்.

டாக்டரும் மதராஸ்காரர்தானே. அவள் பக்கம் திரும்பிய முகத்தை மரியாதையாகக் கணவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதை அன்று யாரும் தப்பாக நினைக்கவில்லை.

மருந்து ஒரே ஒன்றுதான் என்றார். வாயோரத்தில் கன்னத்தின் வழியாக ஊசியை உள்ளே செலுத்தி, மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கும் துவரம்பருப்பு அளவு ஓட்டைக்குள் நுழைய வேண்டும். அங்கே அந்த நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முடிச்சுக்குள் சுத்தமான ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நரம்பு செத்துவிடும், வலியும் சாகும்.

"ஆல்கஹால்னா..." ராவ் பகதூர் குரலைத் தாழ்த்தினார். அவர் மயிலாப்பூர் மதுவிலக்குப் பிரசாரக் கமிட்டியின் தலைவர். "அந்த ஆல்கஹாலா?"

"அதேதான் சார். குடிக்கறதுக்கில்லே."

கமிட்டியில் அவர் இதை 'ஒரு ரசாயனத் திரவம்' என்று சொல்லிச் சமாளித்தார்.

மறுநாளே மூர்மார்க்கெட்டுக்குப் போய், சீமையில் அச்சான தடித்த உடற்கூறுப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். ஒரே வாரத்தில் மண்டை நரம்புகள் அவர் ஆளுகைக்குட்பட்ட தாலுக்காவாகிவிட்டன. முதல் நரம்பு மோப்பம், இரண்டாவது பார்வை, மூன்று, நான்கு, ஆறு ஆகிய மூன்றும் கண்ணை உருட்ட, எட்டு காது, பத்தாவது கழுத்தோடு நிற்காமல் நெஞ்சு, வயிறு என்று டெபுடி கலெக்டர் மாதிரி சர்க்யூட் போகிற நரம்பு. இதை விளக்கும்போது பழைய உத்தியோகம் நினைவுக்கு வந்து அவர் குரல் கம்மும். பன்னிரண்டாவது நாக்கை அசைப்பது. அவருக்கு அதில் எந்தக் கோளாறும் இல்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் பிரசங்கம் நடந்தது. "ஏழாவது முகத்தை அசைக்கறது. அஞ்சாவது உணர்றது. ஜனங்க ரெண்டையும் குழப்பிக்கறா. குமுதா, இப்படி வந்து நில்லு."

அவள் வந்து நிற்பாள். அவர் பென்சிலை எடுத்து அவள் முகத்துக்கு அருகே காற்றில் கோடு போடுவார். "மூணு கிளை. முதல் கிளை, நெத்தி, கண்ணுக்குள்ளே. ரெண்டாவது கிளை, கீழ் இமை, கன்னம், மேலுதடு. மூணாவது, தாடை, கீழுதடு. பர்ஸ்ட் டிவிஷன், செகண்ட் டிவிஷன், தேர்ட் டிவிஷன்." பென்சில் முனை கன்னத்துக்கு ஒரு நெல் இடைவெளியில் நகரும். தொடாது. தொட்டுவிடும் என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, அந்த முனையை மட்டுமே பார்த்தபடி நிற்பாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் மறந்து போவார்கள். அவளுக்கு மறக்க வழியில்லை. எந்த இடத்துக்கு எந்தப் பெயர் என்பது பயத்தோடு சேர்ந்து உள்ளே இறங்கியிருந்தது.

ஊசி போடும் நாள் வந்தது. காலையிலேயே நர்சிங் ஹோமுக்குப் போனார்கள். தலைமுடியைத் துணியால் இறுகக் கட்டி, மேஜைமேல் படுக்க வைத்தாள் நர்ஸ் ஜெசிந்தா. சாந்தோம் மீனவர் குப்பத்துப் பெண். கழுத்தில் ஜெபமாலை தொங்கியது.

"இன்னாம்மா, கை இப்டி ஜில்லுன்னு கீது? பயந்துக்கினியா?"

குமுதவல்லி லேசாகத் தலையை ஆட்டினாள். ஆட்டியதே எழுப்பிவிடுமோ என்று உடனே நிறுத்திக்கொண்டாள்.

"பயப்படாம இன்னா பண்ணுவ. மயக்க மருந்து குடுக்க மாட்டாரு. நீ முழிச்சிக்கினு இருந்து, எங்க வலிக்குதுன்னு சொல்லணும். அத்த வச்சித்தான் ஊசி எங்க கீதுன்னு அவருக்குத் தெரியும். தாடைன்னா சரி, கன்னம்னா சரி. கண்ணுல வலிச்சா உடனே சொல்லிடு தாயே. போன மாசம் ஒரு போலீஸ்காரரு வந்தாரு. கண்ணுல வலிச்சிருக்குது, பல்லைக் கடிச்சிக்கினு கம்முனு படுத்துக்கினாரு. ஆம்பளையாம்! மருந்து கண்ணு நரம்புக்குப் பூட்ச்சி. கண்ணு மரத்துட்சின்னா தூசி வுழுந்தாலும் தெரியாது, முள்ளு குத்தினாலும் தெரியாது. பத்து நாளுல வெந்த மீனு கண்ணாட்டம் வெள்ளையாப் பூட்ச்சி."

வெந்த மீனின் கண்ணைக் குமுதவல்லி பார்த்ததில்லை. பார்த்திராததால் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

டாக்டர் வந்தார். கூடவே ராவ் பகதூரும் வந்தார்.

"சார், நீங்க வெளியே இருக்கணும்."

"டாக்டர், உங்களுக்கு எங்காத்து வழக்கம் தெரியாது. அவ அந்நிய புருஷாளோட பேச மாட்டா. நீங்க கேட்டா வாயைத் திறக்க மாட்டா. எங்கிட்ட சொல்லுவா, நான் உங்களுக்கு டிவிஷனோட சொல்லிடறேன். சயின்டிபிக்கா."

டாக்டர் குமுதவல்லியைப் பார்த்தார். அவள் கணவரைப் பார்த்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டு, தலைமாட்டில் ஒரு முக்காலியைக் காட்டினார். ராவ் பகதூர், அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, மாஜிஸ்திரேட்டு ஆசனத்தில் அமர்வதைப் போல் அமர்ந்தார்.

கன்னத்தில் மையால் புள்ளி வைத்தார்கள். அந்தத் தொடுகைக்கே மின்னல் வெட்டியது. குமுதவல்லியின் கால்கள் மேஜையில் அடித்துக்கொண்டன. டாக்டர் அது அடங்கும் வரை காத்திருந்து, தோல் மரப்பதற்கு ஒரு சின்ன ஊசி போட்டார். பிறகு பெரியதை எடுத்தார். கோணி ஊசி நீளம் இருந்தது. அவள் கண்ணை மூடப் பார்த்தாள். "மூடாதீங்கம்மா, நேரா மேலே பாருங்க. உங்க கண்ணுமணியைக் குறி வச்சுத்தான் நான் போகணும்" என்றார்.

கண்ணைக் குறி வைத்து என்கிறாரே என்று, இமைக்காமல் கூரையையே பார்த்தாள்.

ஊசி உள்ளே போனது. வலி இல்லை, ஒரு அழுத்தம்தான். ஆனால் முகத்துக்குள் ஒரு இரும்பு நகர்கிறது என்பது தெரிந்தது. எலும்பில் முட்டி 'டக்' என்று ஒரு சத்தம் தலைக்குள் கேட்டது. வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. டாக்டர் சற்று இழுத்து, வேறு கோணத்தில் தள்ளினார். மறுபடியும் முட்டியது. மறுபடியும் இழுத்தார். ஜெசிந்தா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வாய்க்குள் மாதாவை அழைத்துக்கொண்டிருந்தாள். ஊசி எதிலும் முட்டாமல் ஒரு பள்ளத்தில் வழுக்கி இறங்கியதைப் போல இருந்தது. அந்தக் கணத்தில் கீழ்த்தாடை முழுவதும் தீப்பற்றியது.

"எங்கேம்மா?" என்றார் டாக்டர்.

"தாடை" என்றாள் அவள், கணவர் பக்கம், உதடு அசையாமல்.

"தேர்ட் டிவிஷன்" என்றார் ராவ் பகதூர். அவர் முகத்தில் ஒரு களிப்பு. புத்தகம் சொன்னபடியே மனைவிக்கு வலிக்கிறது.

"ஓட்டைக்குள்ளே வந்துட்டோம். இன்னும் கொஞ்சம் உள்ளே போகணும். கன்னத்துல வலி வந்ததும் நிறுத்தி மருந்து போடுவேன். அதைத் தாண்டக் கூடாது. கவனமா சொல்லுங்க."

டாக்டர் விரல் மிக மெல்ல நகர்ந்தது. குமுதவல்லி கன்னத்துக்காகக் காத்திருந்தாள். வரவேண்டிய வலி வர வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளும் நிலைமையை அவள் அதுவரை அறிந்ததில்லை. கன்னத்தில் வரவில்லை. நேரே கண்ணுக்குள், விழிக்குப் பின்னால் யாரோ கொள்ளிக்கட்டையைச் செருகியது போல வந்தது. புருவம், நெற்றி எல்லாம் எரிந்தது.

"கண்ணு" என்றாள். "கண்ணுக்குள்ளே."

ராவ் பகதூர் புருவத்தைச் சுருக்கினார். அவருக்கும் பயம்தான். ஆனால் பயத்தில் மனிதன் தனக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொள்வான், அவருக்குத் தெரிந்தது புத்தகம். மூன்றாவதற்கு அடுத்தபடி இரண்டாவது. படத்தில் அப்படித்தான் வரிசை. இரண்டைத் தாண்டி ஒன்றுக்கு எப்படிப் போகும்? படிக்காத பெண்பிள்ளை. கீழ் இமையில் வலித்தால் கண்ணு என்றுதான் சொல்வாள். கீழ் இமை இரண்டாவது கிளையைச் சேர்ந்தது. ஆகவே...

"இவ கண்ணுக்குக் கீழேங்கறா டாக்டர்" என்றார். "செகண்ட் டிவிஷன். நீங்க எதிர்பார்த்த இடம்தான்."

டாக்டர் மருந்துக் குழாயை ஊசியோடு பொருத்தினார்.

குமுதவல்லிக்குக் கேட்டது. செகண்ட். பென்சில் முனை கன்னத்தருகே வந்து நிற்கும் இடம் அது. இது அங்கே இல்லை. அவள் கணவரை நோக்கிக் கண்ணைத் திருப்ப முயன்றாள். அவர் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் ஜெசிந்தாவின் பிடியில். தலையை அசைத்தால் ஊசி எங்கே போய்க் குத்துமோ. கண்ணாடிக் குழாயில் டாக்டரின் கட்டைவிரல் அமர்வது தெரிந்தது. ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. கண் கொதித்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நாலு பேர் நடுவில் அவர் சொன்னதை இல்லை என்று அவள் சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல எந்த வார்த்தையில் தொடங்குவது என்றே தெரியவில்லை. கண்ணு என்றால் மறுபடியும் இவர் அதை இமை ஆக்கிவிடுவார். அவர் மாற்ற முடியாத ஒரு வார்த்தை வேண்டும்.

"செகண்ட் இல்லே" என்றாள். குரல் கரகரவென்று வந்தது. அவள் பார்த்தது டாக்டரை. "பர்ஸ்ட். பர்ஸ்ட் டிவிஷன், டாக்டர்."

ஜெசிந்தாவின் ஜெபம் பாதியில் நின்றது.

"குமுதா, நீ என்ன..." என்று தொடங்கினார் ராவ் பகதூர்.

டாக்டரின் கட்டைவிரல் குழாயை விட்டு எழுந்துவிட்டது. அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் குமுதவல்லிக்கு உண்மையான பயம் பிடித்தது. டாக்டரே பயப்படுகிறார் என்றால்?

"சார், வெளியே போங்க."

"நான் சொல்ல வந்தது..."

"வெளியே."

கலெக்டர்கள்கூட அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. ராவ் பகதூர் எழுந்தார். அங்கவஸ்திரம் முக்காலியில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். கதவு சாத்தப்பட்டது.

டாக்டர் ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, மிக நிதானமாகப் பேசினார். "அம்மா, ஒரு சொட்டு போயிருக்கு. என்ன ஆச்சுன்னு இப்பப் பார்க்கணும்." குண்டூசியால் நெற்றியைத் தொட்டார். "குத்துதா?"

"தெரியறது. மழுங்கலா."

பஞ்சை முறுக்கி, அதிலிருந்து ஒரு இழையை நீட்டினார். அது ஓரத்திலிருந்து மெல்ல வந்து விழியை நெருங்கியது. இழையின் நுனி பெரிதாகி மங்கலானது. தொடப்போகிறது. தொட்டதா? தெரியவில்லை. தெரியவில்லை என்பதே செய்தியா? போலீஸ்காரர் நினைவுக்கு வந்தார்.

இமை அடித்துக்கொண்டது. தாமதமாக, அரைகுறையாக, ஆனால் அடித்தது.

"மாதாவே" என்றாள் ஜெசிந்தா.

டாக்டர் உடனே சந்தோஷப்படவில்லை. "அம்மா, இனிமே நீங்கதான் சொல்லணும். இப்படியே ஊசியை எடுத்துட்டா கண்ணு பிழைச்சுது. ஆனா வலி போகாது. மேலே மருந்து போட்டா வலி போகும். கண்ணுக்கு ஆபத்து இல்லேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. என்ன பண்ணட்டும்?"

கதவுக்கு அப்பால் ராவ் பகதூர் யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. குமுதவல்லி பழக்க தோஷத்தில் அந்தப் பக்கம் காதைக் கொடுத்தாள். அங்கிருந்து பதில் வரப்போவதில்லை. ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காத தாயே" என்றாள் ஜெசிந்தா. "எனக்கே கை ஒதறிக்கினு கீது."

கண் போனால் என்று ஒரு தராசுத் தட்டில் வைத்தாள். ஜன்னல் சாத்திய அறையை, எது எழுப்பும் என்று தெரியாத அந்தக் காத்திருப்பை, இன்னும் எத்தனை வருஷம் என்று தெரியாமல் மறு தட்டில் வைத்தாள். இரண்டும் பயம்தான்.

"போடுங்கோ" என்றாள். "நான் சொல்லிண்டே வரேன்."

டாக்டர் ஊசியை மயிரிழை அளவு திருப்பினார். "எங்கே?"

"மேலுதடு. மூக்கோரம். கன்னம்."

"கண்ணு?"

"இல்லே."

ஒரு சொட்டு. குண்டூசி. பஞ்சு. இமை அடித்தது. இன்னொரு சொட்டு. "எங்கே?" "கன்னம். எரியறது." "கண்ணு?" "இல்லே... இருங்கோ. இருங்கோ, டாக்டர். இல்லே, கன்னம்தான்." ஒவ்வொரு சொட்டுக்கும் அவர் காத்திருந்தார், அவள் தன் முகத்துக்குள்ளேயே இறங்கித் தேடிவிட்டு வந்து சொன்னாள். நடுவில் ஒரு முறை "நெத்தி" என்றாள். அவர் விரல் பட்டென்று விலகியது. பிறகு எரிச்சல் மெல்ல அணைந்து, தாடையும் கன்னமும் மரக்கட்டையாயின. குண்டூசியை அவர் கன்னத்தில் அழுத்துவதை அவள் கண்ணால்தான் தெரிந்துகொண்டாள்.

"இதுக்கு மேலே வேண்டாம்" என்று ஊசியை உருவினார் டாக்டர். அவருடைய சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்ணுக்குமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள் ஜெசிந்தா. தினம் காலையில் கண்ணாடியில் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால், வலிக்காவிட்டாலும், உடனே வர வேண்டும். இனிமேல் அந்தக் கண் அவளிடம் முழுசாகப் புகார் சொல்லாது, அவளாகத்தான் போய் விசாரிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கதவைத் திறந்ததும் ராவ் பகதூர் உள்ளே வந்தார். வழக்கம்போல டாக்டரிடம் போனார். "எப்படி இருக்கா? பார்வை...?"

"அம்மாவைக் கேளுங்க சார்" என்று கையைத் துடைத்துக்கொண்டே டாக்டர் வெளியே போய்விட்டார்.

ராவ் பகதூர் மேஜைப் பக்கம் திரும்பினார். குமுதவல்லியின் வாய் இடதுபுறம் மரத்து, ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ஏழாவது நரம்பா, ஐந்தாவதா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அங்கவஸ்திர நுனியால் அதைத் துடைக்கக் கை நீட்டி, கன்னத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டார். தொடலாமா என்று தெரியவில்லை.

"குமுதா" என்றார். "கண்ணு தெரியறதா?"

கேட்டுவிட்டு நின்றார். பதிலைத் தானே சொல்லிவிடாமல் நிற்பது அவருக்குச் சிரமமாக இருந்தது என்பது உதடுகளில் தெரிந்தது.

குமுதவல்லி வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, கிண்ணத்தின் வழியே இடது கண்ணால் அவரைப் பார்த்தாள். நாமம், அங்கவஸ்திரம், திறந்த வாய், எல்லாம் கொஞ்சம் கோணலாக, தண்ணீருக்குள் இருப்பது போல.

"இன்னிக்குத் தெரியறது" என்றாள். "நாளைக்கு எப்படின்னு நாளைக்குப் பாத்துத்தான் சொல்லணும்."

அவர் இதை டாக்டருக்குச் சொல்லவேண்டுமென்று திரும்பினார். அங்கே யாரும் இல்லை.